கல்லாங்காட்டில் சீமை அத்தி: வேலூர்ப் பக்கம் புதிதாக வைப்பவர்களுக்கு

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எனக்கு ஒன்றே கால் ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அதில் பாதி பாறை, மீதி பாறையிலிருந்து உதிர்ந்த சல்லி. 2021-ல் அங்கே 40 சீமை அத்தி வைத்தேன். முதல் மழைக்கே 14 செத்தன. பிழைத்தவை காய்த்தபோது முதல் காய்ப்பு முழுவதும் மரத்திலேயே வெடித்துப் புளித்தது. மரத்தில் பழுத்த பழத்தை நான் வாயில் போட்டது 2024 பங்குனியில்தான். எல்லாம் தெரிந்து செய்திருந்தால் ஒரு வருடமாவது முன்னால் சாப்பிட்டிருப்பேன், சுமார் இருபதாயிரம் ரூபாயும் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு வருடத்தையும் பணத்தையும் நீங்களாவது மிச்சம் பிடியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தில் கல் இருப்பதைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். என் மரங்களில் ஒன்றுகூடக் கல்லால் சாகவில்லை. எல்லாம் தண்ணீர் தேங்கித்தான் செத்தன.

1. எந்த அத்தி என்று முதலில் தெளிவாகுங்கள்

நர்சரியில் போய் "அத்திக் கன்று வேணும்" என்று கேட்டால் நாட்டு அத்தியை எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நம் ஊரில் அத்தி என்றால் அதுதான். காஞ்சிபுரத்து அத்திவரதர் அந்த மரம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பதும் அந்த மரம். அதன் பழத்தைப் பிட்டால்தான் பழமொழியில் சொல்கிற மாதிரி அத்தனையும் புழு. நமக்கு வேண்டியது சீமை அத்தி. சிலர் தேன் அத்தி என்பார்கள், வடக்கத்தி வியாபாரிகள் அஞ்சீர் என்பார்கள்.

இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாட்டு அத்தியின் இலை மாவிலையை அகலப்படுத்தின மாதிரி, வெட்டு இல்லாமல், வழவழவென்று இருக்கும். சீமை அத்தியின் இலை கை விரல்களை விரித்த மாதிரி மூன்று அல்லது ஐந்து மடலாகப் பிளந்து, தடவினால் உப்புத்தாள் போல சொரசொரக்கும். என் பக்கத்து நிலத்துக்காரர் கன்றுக்கு 60 ரூபாய் என்று சொன்னதும் மகிழ்ந்து 25 வாங்கி வந்தார். இன்று அவரிடம் 25 நாட்டு அத்தி நிற்கிறது. நல்ல நிழல், அவ்வளவுதான்.

சீமை அத்தியிலும் ஒரு பிரிவு இருக்கிறது. சில ரகங்களின் காய்க்குள் ஒரு குறிப்பிட்ட குளவி புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும், துருக்கியின் ஸ்மிர்னா ரகம் அப்படி. அந்தக் குளவி நம் பக்கம் கிடையாது, ஆகையால் அந்த ரகம் வைத்தால் காய் சின்னதாக இருக்கும்போதே கொட்டிப்போகும். குளவியே இல்லாமல் பழுக்கிற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பூனா அத்தி, தினகர், டயானா, பிரவுன் டர்க்கி எல்லாம் அந்த வகை. புனேவுக்குப் பக்கத்தில் புரந்தர் வட்டாரத்தில் விளைகிற அத்திக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு இருக்கிற மாதிரி. நான் வைத்தது பூனா 30, டயானா 10. டயானா பெரிய பழம், பூனா அதிக ருசி. மறுபடி வைத்தால் எல்லாமே பூனாதான் வைப்பேன்.

2. நிலம் வாங்குகிறவர்கள்: காகிதம் பார்த்த பிறகு குழி

சொந்த நிலம் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். "பாறை நிலம், சல்லிசா வருது" என்று யாராவது சொல்லி வாங்கப் போகிறவர்கள் மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கல்லுக்காடு மலிவாகக் கிடைப்பதற்குச் சில சமயம் கல் காரணமாக இருக்காது. எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று வருவாய்த் துறை வைத்திருக்கும் ஏ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் என்று இருந்தால் அது அரசு நிலம். பல தலைமுறையாக ஒருவர் அனுபவித்து வந்திருப்பார், உங்களுக்குக் கிரயம் எழுதித் தரவும் தயாராக இருப்பார். அந்தக் காகிதம் நாளைக்கு நிற்காது. பழைய வடஆற்காடு முழுவதும் பஞ்சமி நிலமும் நிறைய உண்டு. ஆதிதிராவிடர்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. அதோடு, அது இன்னொருவரின் உரிமை.

பார்க்க வேண்டியவை: சிட்டா, ஏ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று. சிட்டாவையும் ஏ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கமும் பதிவுத் துறைத் தளத்தில் பார்ப்பதற்கு இலவசம், முத்திரையோடு நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். எல்லாவற்றையும் இறக்கிப் படிக்க ஒரு மாலை போதும். தரகர் "நான் எல்லாம் பாத்துட்டேன் சார்" என்றாலும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் வாங்கும்போதே உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆக்கிக்கொள்ளுங்கள். பின்னால் மானியத்துக்குப் போகும்போது மற்ற பங்காளிகளிடம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் நடக்க வேண்டி வரும். எனக்கு ஒரு பங்காளி குடியாத்தத்தில் இருந்தார், இன்னொருவர் ஓசூரில். ஓசூர்க்காரரைப் பிடிக்கவே ஆறு வாரம் ஆனது.

3. மானியம்: சொட்டுநீருக்கு மட்டும் மெனக்கெடுங்கள்

நாற்பது மரத்துக்கு அலைந்து வாங்க வேண்டிய மானியம் என்றால் அது சொட்டுநீர்ப் பாசனம் ஒன்றுதான். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. இது அரசு நிர்ணயித்திருக்கிற அலகுத் தொகைக்குள்தான். அதற்கு மேல் நீங்கள் கேட்கிற கூடுதல் குழாய், வால்வுக்கெல்லாம் கைக்காசுதான்.

காகிதங்களை இந்த வரிசையில் சேர்த்தால் அலைச்சல் குறையும். முதலில் சிறு, குறு விவசாயி சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை மாறி வரும், எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அது நடக்கும்போதே மண் மாதிரியும் தண்ணீர் மாதிரியும் ஆய்வுக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கணக்கு), புலப்படம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், இரண்டு புகைப்படம். எல்லாம் கையில் வந்த பிறகு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். ஒரு காகிதம் குறைந்தால் திரும்பவும் ஒரு நாள் போகும்.

நான் விழுந்த பொறி அடங்கல். பல வருடமாக அதில் "தரிசு" என்றே எழுதி வந்திருக்கிறார்கள். பயிரே இல்லாத நிலத்துக்கு எப்படி சொட்டுநீர் என்று ஒரு அலுவலகத்தில் கோப்பைத் திருப்பினார்கள். கன்று வைத்து, படம் எடுத்து, அடங்கலில் பழப்பயிர் என்று ஏற்றி மறுபடி கொடுக்க இரண்டு மாதம் போனது. ஆகையால் மானியம் வந்த பிறகு நடலாம் என்று காத்திருக்காமல், நட்டு அடங்கலில் ஏற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். முதல் நாலு மாதத்துக்குக் குடத்துத் தண்ணீரே போதும். விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து குழாய் வந்து இறங்க மொத்தம் நாலரை மாதம்.

4. குழி: எல்லாம் இதில்தான் இருக்கிறது

குழி வேலையைச் சித்திரை, வைகாசியில் முடியுங்கள். வெயில் கொளுத்தும்தான். ஆனால் அப்போதுதான் ஜேசிபி சும்மா நிற்கும், ஏரியும் வற்றியிருக்கும். ஏரி ஏன் வற்ற வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

மரத்துக்கு மரம் 4 மீட்டர் விட்டால் 40 மரத்துக்குச் சுமார் 16 சென்ட் போதும். அளந்து கோடு போட்டு நட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பாறைக் காட்டில் மரம் நிற்கும் இடத்தை நிலம்தான் முடிவு செய்யும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்து, குத்திப் பாருங்கள். "ணங்" என்று ஒரே சத்தமாக வந்தால் தகட்டுப் பாறை, விட்டுவிடுங்கள். "கரக்" என்று இறங்கினால் வெடிப்பும் சல்லியும் இருக்கிறது, அங்கே வேர் தானே வழி தேடிக்கொள்ளும். நான் 60 இடத்தில் குத்தி 40-ஐத் தேர்ந்தெடுத்தேன். வரிசை கோணல் மாணலாகத்தான் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், "இன்னாப்பா, பாறையில போயி குழி தோண்டிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

குழி மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழம். தோண்டி முடித்ததும் ஒவ்வொரு குழியிலும் விளிம்பு வரை தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வடிந்திருந்தால் நடலாம். நின்றிருந்தால் அது குழி இல்லை, தொட்டி. அதில் நடாதீர்கள். இல்லையென்றால் சரிவுப் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள். இந்தச் சோதனையை நான் செய்யவில்லை. டேங்கர் தண்ணீர் 900 ரூபாய் என்று கணக்குப் பார்த்தேன். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது நினைவிருக்கும். அந்த மழையில் என் குழிகள் தொட்டியாகி, 14 கன்று வேர் அழுகிப் போனது. அத்தி வறட்சியைத் தாங்கும், உப்பையும் ஓரளவு தாங்கும். ஈரத்தில் ஒரு வாரம் நின்றால் மட்டும் பொறுக்காது.

வெடி வைக்கிற யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் வெடிமருந்தைத் தொடுவது குற்றம். தோண்டும்போது வந்த கல்லை லாரிக்காரர் கேட்பார், விலையும் சொல்வார். அனுமதியில்லாமல் நிலத்திலிருந்து கல் வெளியே போனால் கனிமவளத் துறை வழக்கு வரும், வண்டியும் போகும். உங்கள் கல் உங்களுக்கே வேண்டும், அடுத்த பகுதியில் வேலை இருக்கிறது.

குழியை நிரப்புவது எப்படி? வண்டல் மண் எடுக்க ஏரி வற்றியிருக்க வேண்டும் என்றது இதற்குத்தான். விவசாயத்துக்கு வண்டல் மண் இலவசம். இ-சேவையில் விண்ணப்பித்தால் தாசில்தார் அனுமதி தருகிறார். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை, நஞ்சைக்கு 75. மண்தான் இலவசம், அள்ளிப் போடும் கூலியும் வண்டி வாடகையும் உங்களுடையது. அனுமதிச் சீட்டில் குறித்த தேதிக்குள் எடுத்துவிட வேண்டும், நடைக்கு நடை சீட்டு வண்டியில் இருக்க வேண்டும். எனக்கு நாலு நடை போதுமாக இருந்தது.

இலவசமாயிற்றே என்று வண்டலையே கழுத்து வரை கொட்டாதீர்கள். நான் கொட்டினேன். வண்டல் இறுகி, மேலே சொன்ன தொட்டிக்குப் பூச்சு பூசின மாதிரி ஆகிவிட்டது. இப்போது நான் போடும் கணக்கு: தோண்டின சல்லி மண் பாதி, வண்டல் கால், மட்கின தொழு உரம் கால். அதோடு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. குழியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பெரிய கல். நிரப்பின பிறகு நடுப்பகுதி தரைமட்டத்தைவிட அரையடி உயரமாக இருக்கட்டும், மழையில் அது இறங்கிவிடும்.

5. கல்லையே போர்வையாக்குங்கள்

ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் போலத்தான் மழை. அங்கே எரிமலைச் சாம்பலில் பள்ளம் பறித்து, அதன் அடியில் திராட்சையும் அத்தியும் வைத்து, காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பொரி போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் கரும்பொடி ஈரத்தை வெளியே விடாது. படத்தைப் பார்த்த அன்றே இதை நம் ஊரில் செய்துவிட வேண்டும் என்று துள்ளினேன்.

அப்படியே செய்ய முடியாது. நம் பாறை எரிமலைக் கல் இல்லை. கருங்கல் இனம், உள்ளே ஓட்டை கிடையாது, பகலில் தோசைக்கல் மாதிரி சுடும். நமக்கோ மழை அவர்களைவிடப் பல மடங்கு, ஆனால் நாலு நாளில் கொட்டிவிட்டு ஓடிவிடும். ஆகவே பள்ளத்துக்குள் மரம் வைக்கக் கூடாது, மேட்டில் வைக்க வேண்டும். அரைவட்டச் சுவரையும் திருப்பிப் போட வேண்டும். அவர்களுக்கு அது காற்றைத் தடுக்க, நமக்கு மேலேயிருந்து ஓடிவரும் மழைநீரைப் பிடித்து மெதுவாக இறக்க. சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில், முழங்கால் உயரத்துக்கு, மண் பூசாமல் கல்லை மட்டும் அடுக்கினால் போதும். தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும்.

மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு முதலில் வேர்க்கடலைத் தோலோ கரும்புச் சோகையோ நாலு விரல் உயரம், அதன் மேல் கைப்பிடி அளவுக் கற்கள் ஒரு அடுக்கு. அடிமரத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளி கட்டாயம், கல் சூட்டில் பட்டை வெந்துவிடும். பங்குனி வெயிலிலும் கல்லைப் புரட்டினால் கீழே ஈரம் இருக்கும். தேளும் இருக்கும். வெறுங்கையால் புரட்டாதீர்கள், கம்பால் தள்ளிவிட்டுப் பாருங்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

6. கன்றும் நடவும்

நடவுக்கு ஆவணி நல்ல மாதம். தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் ஆடிக் கடைசியிலிருந்து மாலை மழையாக வரும், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும்.

கன்று வாங்கும்போது பையைக் கிழித்து ஒன்றிரண்டின் வேரைக் காட்டச் சொல்லுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த நர்சரியிலிருந்து ஒரு கன்றும் வேண்டாம். நிலத்துக்குள் வந்துவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு. நான் மரங்களுக்கு நடுவே துலுக்கச் சாமந்தி போடுகிறேன், நூற்புழுவைக் கட்டுப்படுத்தும், பூவும் ஆயிற்று.

இரண்டாவது வருடத்திலிருந்து கன்று வாங்கவே வேண்டியதில்லை. கவாத்து செய்த, அதாவது கிளை வெட்டிவிட்ட, குச்சிகளில் பென்சில் பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ளதாக, மூன்று நாலு கணு இருப்பதாக எடுத்து, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி பையில் குத்தி, நிழலில் வையுங்கள். ஐந்தாறு வாரத்தில் வேர் விடும். தலைகீழாகக் குத்திவிடாமல் இருக்க, மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். செத்த பதினாலு மரத்துக்கும் மாற்று இப்படி வந்ததுதான்.

தண்ணீரைப் பொறுத்தவரை, முதல் வருடம் ஒன்றுவிட்டு ஒரு நாள் 10 லிட்டர் கொடுத்தேன். இப்போது கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை 35 லிட்டர். மழைக்காலத்தில் குழாயை மூடிவிடுவேன்.

7. கவாத்து நேரம்: பழம் மழையில் பழுக்கக் கூடாது

அத்தி பெரும்பாலும் புதுத் தளிரில்தான் காய்க்கும். ஆகவே எப்போது வெட்டுகிறோமோ அதைப் பொறுத்துப் பழம் எப்போது என்பது அமையும். வெட்டினதிலிருந்து பழம் வர என் நிலத்தில் சுமார் 130 நாள். இந்த எண்ணை நான் மரத்தில் தொங்கவிடாத குறை.

2023-ல் ஆடிப்பட்டம் என்கிற பழக்கத்தில் ஆடியில் வெட்டினேன். தழைத்தது, காய்த்தது, ஊரே வந்து பார்த்தது. ஐப்பசி கடைசியில் பழுக்க ஆரம்பித்ததும் அடைமழை. வேர் தண்ணீரை இழுத்துப் பழத்துக்குள் தள்ள, பழம் வாய் பிளந்தது, உள்ளே ஈ முட்டை வைத்தது, தோட்டமே கள்ளுக்கடை வாசம் அடித்தது. இலையில் துரு நோய் வேறு.

அடுத்த கவாத்தைக் கார்த்திகை நடுவுக்குத் தள்ளினேன். பெருமழை ஓய்ந்து வருகிற நேரம், மார்கழிப் பனியில் தளிர் மெதுவாக வந்தது. பங்குனி கடைசியில் முதல் பழம், சித்திரை முழுவதும் பறித்தோம். அக்னி நட்சத்திரம் உச்சத்துக்கு வருவதற்குள் முடிந்தது. வேலூர் வெயிலை எல்லாரும் திட்டுகிறோம், அத்திக்கு அது சர்க்கரை.

போன பருவத்துத் தளிரில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டுங்கள். வெட்டின அன்றே போர்டோ கலவை ஒருமுறை, தளிர் ஒரு சாண் வந்ததும் இன்னொருமுறை தெளித்தால் துரு நோய் அடங்கும். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டரிலும் ஒரு கிலோ சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் பீப்பாயில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. துருவேறாத இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், அப்படியே தெளித்தால் இலை கருகும். கலக்கின அன்றே தீர்த்துவிடுங்கள். காய் முற்றத் தொடங்கிய பிறகு எதையும் தெளிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெட்டும்போது வடிகிற பால் தோலில் பட்டு அதன் மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் போடும், தழும்பு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, கையில் தேங்காய் எண்ணெய். முடிந்தால் மாலையில் வெட்டுங்கள். பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிடாதீர்கள்.

அடிமரத்தில் மரத்தூள் கொட்டியிருந்தால் தண்டுத் துளைப்பான். துளைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, பெட்ரோல் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் மூடிவிடுங்கள். கவனிக்காமல் விட்டால் மரம் ஒரே கோடையில் போய்விடும்.

8. பறவையோடு பங்கு

காய் பழுக்கிறது என்பது உங்களுக்கு முன்னால் குக்குறுவானுக்குத் தெரியும். பிறகு குயில், மைனா, அணில், ராத்திரியில் வௌவால். முதலில் மரம் முழுவதும் மீன்வலை போட்டேன். ஒரு மைனாவும் ஒரு சாரைப்பாம்பும் சிக்கிச் செத்தன. அதோடு வலையை எடுத்துவிட்டேன். இப்போது காய் உருண்டு நிறம் மாறும்போது ஒவ்வொன்றுக்கும் சுருக்குக் கயிறு வைத்த சின்னத் துணிப்பை. ஒரு பை மூன்று ரூபாய், மூன்று பருவம் வரும். நுனியில் இருப்பதற்குப் பை போடுவதில்லை, அது அவர்களுடையது. மலையடிவாரத்தில் குரங்கு வந்தால் இந்தப் பை எல்லாம் விளையாட்டுச் சாமான். நாய் ஒன்று வளர்ப்பதைவிட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

9. பறிப்பது: இரண்டு நாள் பொறுங்கள்

மாங்காயை முன்னால் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கிற ஊர் நம்முடையது. அத்தியில் அது நடக்காது. பறித்த நிமிடத்தில் இனிப்பு நின்றுவிடும். வைத்திருந்தால் மெத்தென்று ஆகும், இனிக்காது. வியாபாரி "ரெண்டு நாள் முன்னாடியே குடுண்ணா, வழியில பழுத்துடும்" என்பார். அவர் கேட்பது பெட்டியில் நசுங்காத காயை, நாம் சாப்பிடப்போவது அதை இல்லை.

பழுத்ததற்கு அடையாளம்: கடைசி மூன்று நாலு நாளில் காய் திடீரென்று ஊதும். நிமிர்ந்து நின்ற கழுத்து துவண்டு பழம் தலை கவிழும். தோலில் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் ஓடும். கீழே கண் இருக்கிற இடத்தில் சில பழத்தில் ஒரு சொட்டுத் தேன் துளிர்க்கும். காம்பைத் தூக்கினால் இழுக்காமலே கையோடு வரும். பறித்த காம்பில் பால் வடிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தப் பாலோடு தின்றால் உதடும் நாக்கும் அரிக்கும்.

பறிக்கிற நாட்களில் தண்ணீரைக் கூட்டாதீர்கள். வாடுகிறதே என்று ஒருநாள் நிறையப் பாய்ச்சினால் மறுநாள் பாதி வெடித்திருக்கும்.

விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். வெளியே வைத்தால் ஒரு நாள், இரண்டாவது நாள் சந்தேகம். குளிர்ப்பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பினால் ஐந்தாறு நாள். கழுவி வைக்காதீர்கள், சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம். மிஞ்சினால் இரண்டாகப் பிளந்து, கொசுவலைத் துணி போர்த்தி, சித்திரை வெயிலில் ஐந்து நாள். மூன்று கிலோவுக்கு மேல் போட்டால் ஒரு கிலோ காய்ந்தது கிடைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காய்ந்ததில் கவனமாக இருங்கள், கையளவிலேயே நிறைய இனிப்பு அடங்கியிருக்கும்.

10. செலவும் விற்பனையும்

40 மரத்துக்கு எனக்கு ஆனது: ஜேசிபி ஆறு மணி நேரம் 7,800 ரூபாய், வண்டல் நாலு நடை 5,600, தொழு உரம் இரண்டு லோடு 6,000, கன்று 4,800, கன்று வந்த வண்டிச் சத்தம் 1,500, சொட்டுநீரில் மானியத்துக்கு வெளியே 3,800. மொத்தம் 29,500. உங்களுக்குக் கூலியும் வாடகையும் மாறும், விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் வருடம் மரத்துக்கு இரண்டு மூன்று கிலோ, போன பருவத்தில் ஐந்தாறு கிலோ. இதை நம்பி வேலையை விடாதீர்கள். மொத்த மார்க்கெட்டில் இந்தப் பழத்தைக் கூடையில் கொட்டுவார்கள், கொட்டினால் கூழ். எனக்கு வாடிக்கை எல்லாம் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வீடுகள்தான். முந்தின நாள் இரவு வாட்ஸாப்பில் எத்தனை கிலோ என்று கேட்டுவிடுவேன், முட்டை அட்டையில் ஒவ்வொரு குழிக்கு ஒரு பழமாக வைத்துக் காலை எட்டுக்குள் கொடுத்துவிடுவேன். கிலோ 200. உழவர் சந்தையில் விற்க வேண்டுமென்றால் விவசாயி அடையாள அட்டை வேண்டும், சிட்டா, அடங்கல், புகைப்படத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பழமாக விற்க வேறு உரிமம் தேவையில்லை. காய வைத்துப் பொட்டலம் போட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், சிறு அளவில் செய்பவர்களுக்கு நான் கட்டியது வருடத்துக்கு 100 ரூபாய்.

வெடித்த பழத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. அன்றைக்குப் பறித்ததில் எப்படியும் ஏழெட்டு அப்படி இருக்கும். அவை வேலிக்கு அந்தப் பக்கம் தாத்தாவுக்குப் போகின்றன. அவர் இப்போதெல்லாம் என் குழிகளைப் பற்றிக் கேட்பதில்லை, "இன்னைக்கி எத்தினி வெடிச்சிது?" என்றுதான் கேட்கிறார்.